மௌனம் எப்போது கூற்றாகும்?

1952ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வுட்ஸ்டாக் என்னும் சிற்றூரை அடுத்த காட்டுக்குள் அமைந்த மேவரிக் இசையரங்கில் டேவிட் டியூடர் என்னும் பியானோக் கலைஞர் மேடையேறினார். இசைக்குறிப்புத் தாளை எதிரே வைத்தார். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். விசைப்பலகையின் மூடியைச் சாத்தினார். சிறிது நேரம் கழித்துத் திறந்தார். மீண்டும் சாத்தினார், மீண்டும் திறந்தார். மூன்றாம் முறையும் அவ்வாறே செய்தபின் எழுந்தார். பின்னர் அச்சான பிரதியின் கணக்குப்படி முதற்பகுதி 33 வினாடி. இரண்டாம் பகுதி 2 நிமிடம் 40 வினாடி. மூன்றாம் பகுதி 1 நிமிடம் 20 வினாடி. ஆக மொத்தம் 4 நிமிடம் 33 வினாடி. அதுவே படைப்பின் பெயராகவும் நிலைத்துவிட்டது. அவ்வளவு நேரத்திலும் கலைஞர் ஒரு விசையைக்கூடத் தொடவில்லை.

அரங்கின் பின்புறம் காட்டை நோக்கித் திறந்திருந்தது. முதற்பகுதியில் வெளியே காற்று அசைந்த ஓசையும், இரண்டாம் பகுதியில் கூரைமீது மழைத்துளிகள் விழுந்த ஓசையும், மூன்றாம் பகுதியில் அவையோர் தமக்குள் முணுமுணுத்தும் எழுந்து நடந்தும் உண்டாக்கிய அரவமும் கேட்டன என்று, படைப்பாளியான ஜான் கேஜ் (1912–1992) பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அன்று அவையிலிருந்த பலர் இவற்றைக் கேட்கவில்லை. தாம் ஏமாற்றப்பட்டதாகவே கருதினர்.

இதைக் கலை என்று அழைக்கலாமா? எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேற்குலகில் இவ்வினா ஓயவில்லை. ஒரு சாரார், ஒன்றுமில்லாததைக் காட்டிப் புகழ் தேடிய வஞ்சகம் என்பர். மறுசாரார், இருபதாம் நூற்றாண்டு இசையின் பெருந்திருப்பம் என்பர். நம்மவரிடையே இப்பேச்சு எழும்போது இன்னொரு தொனியும் சேர்ந்துகொள்கிறது. மேற்கத்தியப் பண்பாடு வறண்டுபோனதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்டுவிட்டு மகிழ்ச்சியோடு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

இசையின் மார்க்க நிலை குறித்த விவாதம் இங்கே நம் பொருளன்று. நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான ஃபுகஹாக்கள் இசைக்கருவிகளைத் தடுத்திருப்பதும், இப்னு ஹஸ்ம் போன்றோர் அவற்றுக்கு இடமளித்திருப்பதும் வாசகர் அறிந்தவையே. கருவியை மேடையேற்றிவிட்டு அதைத் தொடாமலே முடிந்துவிட்ட இப்படைப்புக்கு எந்த ஃபத்வா பொருந்தும் என்பது எந்த முஃப்தியையும் சற்றே யோசிக்க வைக்கும்! நாம் எடுத்துக்கொள்வது திறனாய்வு வினாவை மட்டுமே. அதிலும் மன்திக் பாடத்தின் தொடக்க நாட்களிலேயே நாம் கற்கும் விதி ஒன்று உண்டு. ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அப்பொருளைச் சரியாக உருவகித்துக்கொள்வதன் கிளையாகும். உருவகம் பிழைத்தால் தீர்ப்பும் பிழைக்கும். ஆகவே முதலில் அந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

வேடிக்கையும் விசாரணையும்

ஒலியற்ற இசை என்னும் எண்ணம் கேஜுக்கு முன்பே இருந்தது. பிரெஞ்சு நகைச்சுவை எழுத்தாளர் அல்போன்ஸ் அல்லே 1897இல், காது கேளாத பெரியார் ஒருவரின் இறுதி ஊர்வலத்திற்கென ஓர் இசைக்குறிப்பை வெளியிட்டார். அதில் கோடுகள் இருந்தன, சுரங்கள் இல்லை. எர்வின் ஷுல்ஹோஃப் 1919இல் எழுதிய பியானோத் தொகுப்பின் ஒரு பகுதி முழுவதும் ஓய்வுக்குறிகளால் ஆனது. முன்னது வெளிப்படையான வேடிக்கை. பின்னதில் கேலியின் சாயல் மிகுதி. கேஜின் படைப்பையும் இவ்வரிசையில் வைத்துச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர் வந்த வழி வேறு.

கேஜ் 1930களில் ஆர்னால்ட் ஷோன்பர்க்கிடம் பயின்றவர். 1946இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் சென்றிருந்தபோது, இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர். அவர் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தார். கேஜ் அவருக்கு மேற்கத்திய எதிரிசை இலக்கணத்தைக் கற்பித்தார். இசையின் நோக்கம் யாது என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தை அடக்கித் தெளிவித்து இறைமையின் பாதிப்பை ஏற்கும் பக்குவத்தை உண்டாக்குவதே என்று தம் ஆசான் கூறியதை அவர் எடுத்துரைத்தார். அவ்விடை கேஜை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

அதே காலத்தில் அவர் ஆனந்த குமாரசுவாமியின் நூல்களைப் படித்தார். கொழும்பில் 1877இல், சர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்து, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவ்வறிஞரிடமிருந்தே, கலை இயற்கையின் தோற்றத்தையன்று, அது செயற்படும் முறையைப் பின்பற்ற வேண்டும் என்னும் கொள்கையைக் கேஜ் எடுத்துக்கொண்டார். 1946–48இல் அவர் பியானோவுக்காக எழுதிய ‘சொனாட்டாக்களும் இடைப்பாடல்களும்’ என்னும் தொகுப்பு, குமாரசுவாமி வழியாக அவர் அறிந்த நவரசக் கோட்பாட்டைத் தழுவியது.

1948இல் ஓர் உரையில் கேஜ் தம் திட்டமொன்றை வெளியிட்டார். அந்நாளில் அமெரிக்க அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கம்பிவழியாக இடைவிடாப் பின்னணி இசையை விற்றுவந்த மியூசாக் நிறுவனத்திற்கு, மூன்று அல்லது நாலரை நிமிட நீளமுள்ள இடையறாத மௌனத் துண்டு ஒன்றை இயற்றி விற்கப்போவதாகக் கூறினார். அதற்கு அவர் சூட்டவிருந்த பெயர் ‘மௌனப் பிரார்த்தனை’. யாரும் கேளாத இசை எங்கும் ஒலித்துக்கொண்டிருக்கும் உலகில், கேட்கத்தக்க மௌனம் ஒன்றை விலைப்பொருளாகப் புகுத்துவது அவர் நோக்கம். 4 நிமிடம் 33 வினாடியின் வித்து இதுவே.

பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், எதிரொலியே எழாதவாறு அமைக்கப்பட்ட அறைக்குள் சென்றார். முழு மௌனத்தை எதிர்பார்த்துச் சென்றவருக்கு இரண்டு ஒலிகள் கேட்டன. உயர்ந்த ஒலி நரம்பு மண்டலத்தினுடையது, தாழ்ந்த ஒலி இரத்த ஓட்டத்தினுடையது என்று பொறியாளர் விளக்கியதாக அவர் எழுதியுள்ளார். அவ்விளக்கத்தின் அறிவியல் துல்லியம் எவ்வாறாயினும், உயிருள்ளவனுக்கு முழு மௌனம் என ஒன்று இல்லை என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அவருடைய நண்பர் ராபர்ட் ரௌஷன்பர்க் 1951இல் வெறும் வெண்மையாகத் தீட்டிய ஓவியங்கள், அவற்றின்மீது விழும் நிழல்களைக் காட்டும் பரப்பாயின. அதைக் கண்டபின்னரே தமக்குத் துணிவு வந்தது என்றார் கேஜ்.

ஆகவே நம் முன் இருப்பது ஒரு பொழுதின் குறும்பன்று. நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் மனத்தில் ஊறிய எண்ணம். எண்ணம் ஊறிவிட்டால் மட்டும் படைப்பு கலையாகிவிடாது. எனினும் நகைப்பு அதற்குரிய விடையன்று என்பது தெளிவாகிறது.

கைவினையின்றிக் கலையா?

எதிர்ப்பாளரின் வலுவான வாதம் இது: இதில் உழைப்பு இல்லை, திறன் இல்லை, எவரும் செய்யலாம். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. இன்று அரபியில் கலையைக் குறிக்கும் ‘ஃபன்னு’ என்னும் சொல்லின் பழைய பொருள் வகை, கிளை என்பதே. முன்னோர் கலைக்கு வழங்கிய சொல் ‘ஸினாஅத்’, அதாவது கைவினை. அபூ ஹிலால் அல்அஸ்கரீ உரைநடையையும் கவிதையையும் ஆராய்ந்த தம் நூலுக்கு ‘இரு கைவினைகளின் நூல்’ என்றே பெயரிட்டார். மூலப்பொருள், அதற்கு வடிவம் தரும் கை, வடிவத்தின் நோக்கம் ஆகியவை இன்றிக் கைவினை இல்லை.

கேஜின் படைப்பில் மூலப்பொருள் யாது? இங்கே நம் இசைநூலாரின் இலக்கணம் உதவுகிறது. ஸஃபியுத்தீன் அல்உர்மவீ (மறைவு 1294) தாளத்தை வரையறுக்கும்போது, தட்டுகளை மட்டும் கூறவில்லை. தட்டுகளுக்கு இடையே அளவறுத்து நிற்கும் காலங்களையும் சேர்த்தே கூறினார். தட்டு ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. அளவு நிற்பது இடைவெளியில்தான். கேஜும் 1948இல் இதையொத்த கருத்தைக் கூறினார். சுருதி, ஒலிநிறம், ஒலியளவு, கால அளவு ஆகிய நான்கில் கால அளவு ஒன்றே ஒலிக்கும் மௌனத்திற்கும் பொதுவானது. எனவே இசையின் அடித்தளம் காலம் என்றார். ஆகவே அவருடைய மூலப்பொருள் காலம். அதை அவர் மூன்று துண்டுகளாக அளந்து வெட்டியிருக்கிறார். வினை சிறிது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

மௌனத்தால் பொருள் விளைவதும் நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆன் ஓதுதல் இசையன்று. அதனோடு எந்த இசையையும் ஒப்பிடுவது நம் எண்ணமுமன்று. எனினும் மௌனத்தின் இலக்கணத்தை நம் மாணவர் முதன்முதலில் கற்பது தஜ்வீதில்தான். ஹஃப்ஸ் அறிவிப்பின்படி நான்கு இடங்களில் ‘ஸக்தா’ உண்டு: மூச்சை விடாமல் குரலை மட்டும் கணநேரம் நிறுத்துதல். கஹ்ஃபு அத்தியாயத்தின் தொடக்கத்தில் கோணலைக் குறிக்கும் சொல்லுக்கும் நேர்மையைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே அந்நிறுத்தம் இல்லையெனில், பின்னது முன்னதன் அடைமொழியாகச் செவியில் விழக்கூடும். யாஸீன் அத்தியாயத்திலும் இவ்வாறே, எழுப்பப்பட்டோர் கேட்கும் வினாவிலிருந்து அதன்பின் வரும் கூற்றைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கணநேர மௌனமே.

பலாகத் கலையிலோ, அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ (மறைவு ஹிஜ்ரி 471) ‘தலாஇலுல் இஃஜாஸ்’ நூலில் ‘ஹத்ஃபு’ எனப்படும் சொல்லாது விடுதலை மாயத்தோடு ஒப்பிட்டுப் போற்றுகிறார். சொல்லாமை சொல்லினும் மிகுதியாக உணர்த்தும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அவ்விடத்தில் விடுபட்ட சொல்லைப் பெய்து பார்த்தால் அழகு மறைந்துவிடுவதை வாசகரே சோதித்துக்கொள்ளுமாறு செய்கிறார்.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு தடை எழும். ஸக்தாவும் ஹத்ஃபும் சொற்களுக்கு இடையே வரும் மௌனங்கள். சுற்றிலும் உள்ள சொற்களே அவற்றுக்குப் பொருள் தருகின்றன. அடையாளம் காட்டும் ‘கரீனா’ இன்றி ஒரு சொல்லை விடுதல் இலக்கணத்தில் ஏற்புடையதன்று. வாக்கியம் முழுவதையும் விட்டுவிட்டால் எஞ்சுவது ஹத்ஃபா, வெறுமையா? இவ்வினாவுக்கு விடை இலக்கணத்தில் கிடைப்பதைவிட ஃபிக்ஹில் தெளிவாகக் கிடைக்கிறது.

மௌனம் பற்றிய சட்டவிதி

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பின் 67ஆம் விதி மௌனம் பற்றியது. அதன் கருத்து இரு பகுதிகளைக் கொண்டது. மௌனமாக இருப்பவர்மீது எந்தக் கூற்றையும் ஏற்றிச் சொல்லலாகாது. ஆனால் பேச வேண்டிய தேவை உள்ள இடத்தில் காக்கும் மௌனம் தெளிவுரை, அதாவது ‘பயான்’ ஆகும். முதற்பகுதி இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கூற்றாக அறியப்படுவது.

இவ்விதியின் நுட்பம் எடுத்துக்காட்டுகளில் விளங்கும். மணத்திற்குக் கன்னிப்பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது அவளுடைய மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். முன்னர் மணமானவளோ வாய்திறந்து சொல்ல வேண்டும். அவளுடைய மௌனம் போதாது. இரண்டும் ஒரே மௌனம். ஆனால் ஒன்று கூற்று, மற்றொன்று கூற்றன்று. வேறுபாடு மௌனத்தில் இல்லை, அது நிகழும் இடத்தில் இருக்கிறது. அவ்வாறே, நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் தோழர் ஒருவர் ஒன்றைச் செய்ய, அவர்கள் தடுக்காது இருந்தார்களெனில், அம்மௌனம் சுன்னத்தின் மூன்றாம் வகையாகிறது. தவறாயின் விளக்கிவிடும் பொறுப்பு உடையவர்கள் மௌனம் காத்தார்கள் என்பதாலேயே அதற்கு அந்த எடை.

இவற்றிலிருந்து மூன்று நிபந்தனைகளைப் பெறலாம். மௌனம் காப்பவர் பேச வல்லவராயிருத்தல். அவ்விடத்தில் பேச்சு எதிர்பார்க்கப்படுதல். அவ்வெதிர்பார்ப்பைக் கேட்போரும் அறிந்திருத்தல். வுட்ஸ்டாக் அரங்கில் மூன்றும் நிறைவேறியிருந்தன. டியூடர் அக்காலத்தின் தலைசிறந்த பியானோக் கலைஞருள் ஒருவர். பியர் பூலேயின் மிகக் கடினமான இரண்டாம் சொனாட்டாவை 1950இல் அமெரிக்காவில் முதன்முதலாக வாசித்தவர். இயற்றியவரோ பேசத் தெரியாதவர் அல்லர் என்பதற்கு அவருடைய முந்தைய படைப்புகள் சான்று. பியானோ, மேடை, கடிகாரம், மூடி, மூன்று பகுதிகள், இசை கேட்க வந்து அமர்ந்த அவையினர் ஆகிய அனைத்துமே கரீனாக்கள். வாக்கியம் முழுவதும் விடுபட்டது உண்மை. ஆனால் அவ்வாக்கியத்தின் இடம் விடுபடவில்லை. எனவே அது வெறுமையன்று, பயான்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஒரு நிகழ்ச்சி இதை அழகாக மெய்ப்பித்தது. 2004 ஜனவரியில் லண்டன் பார்பிகன் அரங்கில் பிபிசி சிம்ஃபனி இசைக்குழு இப்படைப்பை நிகழ்த்த, பிபிசியின் மூன்றாம் வானொலி அதை ஒலிபரப்பியது. ஒலி நின்றுவிட்டால் பழுது நேர்ந்ததாகக் கொண்டு தானே இயங்கி மாற்று ஒலியைச் செலுத்தும் அவசரக் கருவியை அன்று அணைத்துவைக்க நேர்ந்தது. கருவிக்கு மௌனம் என்றால் பழுது என்ற ஒரே பொருள்தான். நோக்கத்தை அறியும் ஆற்றல் அதற்கில்லை. கேட்போருக்கு அதே மௌனம் ஒரு படைப்பு. இப்படைப்பைக் கேட்டு ‘ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்வோர், அந்தக் கருவியின் நிலைக்குத் தம்மை இறக்கிக்கொள்கின்றனர்.

செய்தியும் நேர்காட்சியும்

எனினும் பயான் ஆகிவிட்டதெல்லாம் கலையாகிவிடுமா? ஆகாது. இங்கே இரண்டாவது அளவுகோல் வேண்டும். செய்தி நேர்காட்சிக்கு ஈடாகாது என்னும் நபிமொழி நாம் அறிந்தது. ஒரு படைப்பைப் பற்றிய செய்தியைக் கேட்டதும் படைப்பே தேவையற்றதாகிவிடுமெனில், அது அறிவிப்பே தவிரக் கலையன்று.

2014இல் வல்ஃப்பெக் என்னும் அமெரிக்க இசைக்குழு, ஏறத்தாழ அரை நிமிட அளவிலான 10 ஒலியற்ற துண்டுகளை ஸ்பாட்டிஃபை இணையத்தளத்தில் வெளியிட்டு, இரவில் உறங்கும்போது ஓடவிடுமாறு ரசிகர்களை வேண்டியது. ஒவ்வொரு ஓட்டத்திற்கும் கிடைக்கும் உரிமைத்தொகையைக் கொண்டு கட்டணமின்றி நிகழ்ச்சி நடத்துவது நோக்கம். சாமர்த்தியம்தான், ஆனால் யாரும் கேட்கக்கூடாது என்பதற்காகவே அமைந்த மௌனம் அது. விதியின் முதற்பகுதிக்கே அது உரியது. அதன்மீது எக்கூற்றையும் ஏற்ற முடியாது.

2025 பிப்ரவரியில் பிரிட்டனின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்குச் சாதகமாகப் பதிப்புரிமைச் சட்டத்தை மாற்ற எண்ணிய அரசைக் கண்டித்து, ஆளற்ற ஒலிப்பதிவுக் கூடங்களின் ஒலியை மட்டும் பதிந்து ஓர் இசைத்தொகுப்பாக வெளியிட்டனர். பேச வேண்டியவர்கள் பேச வேண்டிய இடத்தில் மௌனமானார்கள். ஐயமின்றி இது பயான், அதுவும் வலிமையான பயான். ஆனால் அதன் கருத்து பன்னிரண்டு துண்டுகளின் தலைப்புகளிலேயே ஒரு வாக்கியமாக முழுமை பெற்றுவிடுகிறது. கேட்டவருக்கும் கேளாதவருக்கும் அது ஒன்றே. அதைக் கண்டன அறிக்கை எனலாம்; கலை என்று கூறத் தேவையில்லை; கூறாததால் அதற்கு இழுக்குமில்லை.

கேஜின் இன்னொரு படைப்பு எதிர்த்திசையில் இவ்வளவுகோலை மீறுகிறது. இயன்றவரை மெதுவாக வாசிக்க வேண்டும் என்று அவர் எழுதிய ஆர்கன் இசையை, ஜெர்மனியின் ஹால்பர்ஷ்டாட் நகரில் புர்கார்டி தேவாலயத்தில் 639 ஆண்டுகள் நீளும்படி 2001 செப்டம்பர் 5இல் தொடங்கினர். தொடக்கமே ஓய்வுக்குறியாதலின் 2003 பிப்ரவரி வரை ஒலியே எழவில்லை. 2640இல் முடிய வேண்டிய அதை முழுமையாகக் கேட்கும் மனிதர் இல்லை. தலைமுறைகளைப் பிணைக்கும் அறக்கட்டளை என்ற வகையில் அது மதிக்கத்தக்கது. ஆனால் எந்தச் செவிக்கும் முழுமையாக எட்டாத வடிவத்தைச் செவிக்கலை என்பது பொருந்தாது.

4 நிமிடம் 33 வினாடி இவை மூன்றிலிருந்தும் வேறுபடுகிறது. அதைப் பற்றிய செய்தியை அறிவது ஒன்று. அந்நேரம் முழுவதும் பிறரோடு அமர்ந்திருப்பது மற்றொன்று. முதல் அரை நிமிடத்தில் எதிர்பார்ப்பு, பின்னர்ச் சங்கடம், பின்னர் நம் மூச்சும் அடுத்தவர் இருமலும் தொலைவில் செல்லும் வண்டியும் ஒவ்வொன்றாகத் தெளிவாகக் கேட்கத் தொடங்குகின்றன. இந்த மாற்றம் செய்தியால் விளைவதன்று, காலத்தால் விளைவது. அக்காலத்தை அளந்து வைத்தவர் படைப்பாளி. ஆகவே அது கலை என்பதே என் முடிவு.

ஆனால் அது இசையா என்றால், அன்று. ‘பெரிய இசைநூல்’ இயற்றிய அல்ஃபாராபீ (மறைவு ஹிஜ்ரி 339) முதலானோர் கொண்ட பொருளில், இசை என்பது சுரங்கள் இயைந்து அமைந்த ‘லஹ்னு’. இங்கே லஹ்னு இல்லை. மதரஸா மரபில் சொல்வதானால், இது மத்னு அன்று, ஹாஷியா. மூலநூலின் ஓரத்தில் எழுதப்படும் விளக்கக் குறிப்பு. ஐரோப்பிய இசையரங்கம் என்னும் மூலநூல் கேட்போர் மனத்தில் ஏற்கெனவே இருப்பதால்தான் இந்த ஓரக்குறிப்பு புரிகிறது. இசைக்கச்சேரியே அறியாத ஒருவர்முன் டியூடர் மூடியைச் சாத்தியிருந்தால், பெட்டியை மூடித் திறக்கும் ஒரு மனிதரை மட்டுமே அவர் கண்டிருப்பார். நல்ல ஹாஷியா மூலத்தை வாசிக்கும் கண்ணையே மாற்றிவிடும். அதற்குரிய சிறப்பை நாம் மறுக்கலாகாது. ஆனால் ஹாஷியாக்களை மட்டும் கொண்டு ஒரு நூலகம் அமையாது. கேஜுக்குப் பின் ஒலியின்மையையே வழக்கமாக்கிக்கொண்டவர்கள் இதை மறந்தனர். தேவை உள்ள இடத்தில் ஒருமுறை காத்த மௌனம் பயான். அதே மௌனம் பழகிப்போய் எதிர்பார்க்கப்படும் ஒன்றாகிவிட்டால், பேச்சை எதிர்பார்ப்போர் இல்லாமையால் அதன் பொருளும் தேய்ந்துவிடும்.

கேட்பவரின் பொறுப்பு

கேஜோடு நாம் உடன்பட முடியாத இடமும் உண்டு. ஒலிகளை ஒலிகளாகவே விட்டுவிட வேண்டும், அவற்றில் பொருளைத் தேடலாகாது, படைப்பாளியின் விருப்பம் குறுக்கிடலாகாது என்பது அவர் கொள்கை. விருப்பமே இல்லை என்றவர் 273 வினாடி என்று வரையறுத்ததும், மூன்று பகுதிகள் என்று பிரித்ததும் விருப்பமன்றி வேறென்ன? நிய்யத் இல்லாத செயலுக்கு இத்துணை ஒழுங்கான எல்லைகள் அமையா.

குமாரசுவாமியிடம் அவர் கற்றதும் பாதிதான். இயற்கை செயற்படும் முறை என்று அவ்வறிஞர் கூறியபோது, கண்ணுக்குத் தோன்றும் இயற்கையை அவர் கருதவில்லை. படைக்கும் மூலத்தையே கருதினார். அவருக்குக் கலை என்பது பொருள் நிறைந்த ஒழுங்கு. கேஜ் அம்மூலத்தை விட்டுவிட்டு, தற்செயலை இயற்கையின் முறையாகக் கொண்டார். நாற்காலி காலியானதும் தற்செயல் வந்து அமர்ந்துகொண்டது.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வின் இரண்டாம் கால்பகுதியில் எட்டாம் நூலாக வைத்த ‘ஸமாஉ’ பற்றிய நூலும் கேட்பவரை நோக்கியே பேசுகிறது. பறவையின் குரலானாலும் மனிதரின் குரலானாலும், ஒலி உள்ளத்தில் புதிதாக எதையும் வைப்பதில்லை, அங்கிருப்பதை அசைக்கிறது. ஆகவே ஒரே ஒலி ஒருவரை மறதியிலும் மற்றொருவரை இறைநினைவிலும் சேர்க்கும். செவியைத் திறக்க வேண்டும் என்பதில் கேஜும் இமாமும் ஒன்றுபடுகின்றனர். திறந்த செவிக்குப்பின் எத்தகைய உள்ளம் இருக்கிறது என்னும் வினாவை இமாம் கேட்கிறார், கேஜ் கேட்பதில்லை. கூரைமீது விழுந்த மழையைக் கேட்கச் செய்தவர், அது எதைப் புகழ்கிறது என்று கேட்கும் வாயிலைத் திறக்காமலே நின்றுவிட்டார். படைப்பினங்கள் அனைத்தும் இறைவனைத் துதிக்கின்றன, அத்துதியை மனிதர் உணர்வதில்லை என்று இஸ்ராஉ அத்தியாயம் அறிவிப்பதை நம்புவோர்க்கு, கவனித்தல் ஒரு தொடக்கமேயன்றி முடிவன்று.

இவ்வாறு கூறிவிட்டுப் பெருமிதத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பெருமிதத்திற்கு நாம் தகுதியுடையோமா என்பதே எனக்குக் கவலை தருவது.

அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம், குர்ஆன் ஓதப்படும்போது நம்மிடம் இரண்டு செயல்களைக் கேட்கிறது. ஒன்று ‘இஸ்திமாஉ’, செவிதாழ்த்திக் கேட்டல். மற்றொன்று ‘இன்ஸாத்’, வாய்மூடி இருத்தல். வெறும் காதில் விழுதலைக் குறிக்கும் ‘ஸமாஉ’ என்னும் சொல் அங்கே ஆளப்படவில்லை. முயன்று கேட்டலைக் குறிக்கும் வடிவமே ஆளப்பட்டுள்ளது. மௌனமோ அதனின்றும் வேறாகத் தனிக் கட்டளையாக நிற்கிறது. கேட்டலுக்கு மௌனம் நிபந்தனை என்பதை நம் வேதம் ஒரே வசனத்தில் கற்பித்துவிட்டது.

ஆனால் நம் வாழ்வைப் பாருங்கள். கடை திறந்ததும் பரக்கத்துக்காகக் கிராஅத் ஒலிக்கவிடப்படுகிறது. அதன்மீதே பேரம் நடக்கிறது, சிரிப்பு நடக்கிறது, சில வேளைகளில் சச்சரவும் நடக்கிறது. கைப்பேசியின் அழைப்பொலியாக வசனங்கள் வைக்கப்பட்டு, பாதியில் துண்டிக்கப்படுகின்றன. திருமண அரங்குகளில் கிராஅத் முடியும்வரை காத்திருக்கும் பொறுமை முன்வரிசையிலேயே இல்லை. மியூசாக் நிறுவனம் அலுவலகங்களில் இசைக்குச் செய்ததை நாம் நம் இல்லங்களில் இறைவசனத்துக்குச் செய்துகொண்டிருக்கிறோம்: எங்கும் ஒலிக்கிறது, எவரும் கேட்பதில்லை. இசையின் இவ்விழிவைக் கண்டு மனம் பொறாத ஒருவர், பியானோவின் மூடியைச் சாத்தச் செய்து தம் மக்களைக் கேட்க வைக்க முயன்றார். அவர் முயற்சியை நகைக்க நமக்கு நேரம் இருக்கிறது; நம் கடையில் ஓடும் ஒலிப்பெட்டியைக் கேட்கவோ, கேட்க இயலாதபோது அதை மரியாதையோடு நிறுத்தி வைக்கவோ நேரமில்லை.

ஒலியற்ற படைப்பு கலையா என்னும் வினாவுக்கு என் விடையை மேலே கூறிவிட்டேன். தேவையுள்ள இடத்தில் மௌனம் கூற்றாகும்; 1952இல் அது கூற்றாயிற்று; நேரில் அமர்ந்து கேட்டே பெறத்தக்க கூற்றாதலின் கலையுமாயிற்று. இசை என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது. அதன் மெய்ப்பொருட் கொள்கையும் நமக்குரியதன்று. ஆனால் அது சுட்டிய நோய் நமக்கும் உரியது. அதற்கான மருந்தோ கேஜ் பிறப்பதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கையில் தரப்பட்டுவிட்டது. இன்ஸாத் என்னும் அக்கட்டளையை நம் மதரஸாக்களில் சொற்பொருளாக மட்டும் கற்பிக்காமல், கிராஅத் வகுப்பு தொடங்குமுன் சில நிமிடம் மாணவர் அனைவரையும் வாய்மூடி அமரச்செய்து பழக்கமாகவும் கற்பிக்கலாம். அவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டால், எது கலை, எது வஞ்சகம் என்று பிரித்தறியும் திறனும் அவர்களிடம் தானே வளரும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.